மிச்சம் வைக்காத பங்கு

சண்முகப்பிரியா தன் கணவரின் சட்டையைக் கரித்துணியாக்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. நீலக் கட்டம் போட்ட பருத்திச் சட்டை. பழகிய பருத்தி சூட்டை நன்றாகத் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். பித்தான்களை வெட்டி டப்பாவில் போட்டாள். முதுகுப் பக்கத்தை நான்காகக் கிழித்து ஓரம் மடித்துத் தைத்தாள். கைப்பகுதிகளை ஜன்னல் துடைக்க எடுத்து வைத்தாள். எல்லாவற்றையும் முறையாகச் செய்து பழகியவள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

இட்லித் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பகவதிதான் அதைப் பார்த்தாள். அடுப்பிலிருந்து காப்பிப் பாத்திரத்தை அந்தத் துணியால் பிடித்துப் பிரியா இறக்கிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, இது அண்ணாச்சி சட்டைல்லா?"

"ஆமா."

"கடை தொறந்து இருவத்தஞ்சு வருசம் ஆனதுக்கு நீங்க எடுத்துக் குடுத்தது. எங்க வீட்டுல வந்து காமிச்சுட்டுல்லா போனாவ."

"ஆமா. நல்ல துணி."

பகவதி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டு, குக்கர் சத்தம் கேட்கிறது என்று சொல்லிப் போய்விட்டாள். குக்கர் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

பிரியா துணியை விரித்துப் பார்த்தாள். எல்லாம் நினைவிருந்தது. எந்தக் கடையில் எடுத்தது, ஆவுடையப்பன் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் எத்தனை தடவை திரும்பினார், சட்டைப் பையில் மோட்டார் வார்னிஷ் கறை எப்போது பட்டது என்பது வரை. ஆனால் ஹீமோகுளோபின் இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு என்று முன்பின் தெரியாத ஒருவரின் அறிக்கையைப் படிப்பதுபோல்தான் இருந்தது. கிழிக்கும்போது கை நடுங்கியதா என்று யோசித்தாள். நடுங்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பயப்பட மட்டும் இன்னும் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆவுடையப்பன் இறந்து வருடம் திரும்ப ஒன்பது நாள் இருந்தது.

துக்கத்தைப் பங்கு போடும் முறை வந்து அப்போது பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். வந்த புதிதில் ஊரில் பெரிய சண்டை நடந்தது. பிறகு யாரோ ஒரு பெரிய மனிதர் மேடையில் கேட்டார்: சாவுத் தீட்டைப் பங்காளிகள் எல்லாரும் சேர்ந்துதானே காக்கிறோம், துக்கத்தையும் சேர்ந்து சுமந்தால் என்ன? அதோடு எதிர்ப்பு அடங்கிவிட்டது. பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சாமான் பட்டியல் போடும்போதே பங்கீட்டு மையத்துக்கும் நேரம் குறித்துவிடுவார்கள். பறிகொடுத்தவர் தலையில் ஒரு பட்டை, ஏற்பவர் தலையில் ஒரு பட்டை, அரை மணி நேரம். நினைவு எதுவும் போகாது. நினைத்தால் வலிக்கிறதே, அந்த வலி மட்டும் இடம் மாறும்.

வழக்கமாகப் பாதியோ முக்காலோதான் பிரிப்பார்கள். மனைவிக்கென்று ஒரு பங்கை விட்டுவைப்பார்கள். பிரியா விஷயத்தில் நடந்தது வேறு. பதினாறாம் நாள் பந்தலில் சொந்தக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, ஆவுடையப்பனின் தம்பி இசக்கிராஜ் எழுந்து, "எங்கண்ணன் துக்கத்துல பாதி எனக்கு" என்றான். மாமன்மார் தலையாட்டினார்கள். உடனே மகன் கௌதம், "சித்தப்பா பாதின்னா, பெத்த பிள்ளை நான் கொறைச்சலா? மீதிப் பாதி எனக்கு" என்றான். சபை உச்சுக்கொட்டியது. சபையில் சொன்ன வார்த்தையை அதற்குப் பிறகு யார் குறைப்பது? அம்மாவுக்குக் கொஞ்சம் இருக்கட்டுமே என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. பதினைந்து நாள் தூங்காமல் கிடந்த பிரியாவுக்கும் தோன்றவில்லை. மையத்தில் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுப் பட்டையை மாட்டிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அவள் நன்றாகச் சாப்பிட்டாள். அதிலிருந்து தினமும் நன்றாகச் சாப்பிட்டாள். நன்றாகத் தூங்கினாள். வந்தவர்கள் "தேறிட்டா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள், பிறகு வருவதையும் நிறுத்திவிட்டார்கள். அழாத வீட்டில் ஆறுதல் சொல்பவர்களுக்கு என்ன வேலை? கேட்க ஆள் இல்லாததால் அவரைப் பற்றிப் பேசுவதும் நின்றது. பேசாமல் இருப்பதும் அவளுக்கு வலிக்கவில்லை.

பகவதி வந்துபோன அன்றே, மையத்தில் கையெழுத்துப் போட்ட தாளைத் தேடியெடுத்துப் படித்தாள். முதலில் இசக்கிராஜைப் போனில் அழைத்தாள்.

"தம்பி, என் பங்கைத் திருப்பிக் குடு. வருசம் திரும்புததுக்குள்ள வாங்கணுமாம்."

"மதினி, இப்ப என்ன அதுக்கு? நிம்மதியா இருக்கீங்கள்லா?"

"நிம்மதியா இல்ல. ஒண்ணுமே இல்லாம இருக்கேன். அது வேற, இது வேற."

அவனுக்குப் பின்னால் சரக்கு வண்டி ஒன்று பின்வாங்கும் சத்தம் கேட்டது.

"தப்பா நெனைக்கப்படாது மதினி. கம்பெனில ஏத்துமதி நேரம். மூணே நாள் வச்சிருந்தேன். லாரி முன்னால நின்னு தேம்பித் தேம்பி அழுதுட்டேன், பயலுவ வீடியோ எடுத்துட்டானுவ. மையத்துலேயே ஒரு வழி இருக்குன்னாவ. கைமாத்து. பட்டியல்ல பேர் குடுத்த யாராவது ஏத்துக்கிடுவாங்களாம். குடுத்துட்டேன்."

"சபையில சொன்னியே."

"சபையில சொல்லாம இருக்க முடியுமா?"

பெர்லினில் இருந்த கௌதம் இதைவிடச் சீக்கிரம் ஒப்புக்கொண்டான். அவன் பதினோரு நாள் வைத்திருந்து, விமானம் ஏறுவதற்கு முன் கைமாற்றிவிட்டானாம். "அம்மா, அது என்னோட சோகமே இல்லம்மா. அப்பாவுக்கு நான் அழுறது ஒரு மாதிரி இருக்கும்லா, இது வேற மாதிரி. பொண்டாட்டி அழுற அழுகை. அதை வச்சுக்கிட்டு அப்பாவை நெனைக்கவே எனக்குக் கூச்சமா இருந்துச்சு."

பிரியாவுக்கு இது நியாயமாகப் பட்டது. கோபம் வந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். வரவில்லை.

வண்ணார்பேட்டைப் பங்கீட்டு மையத்தில் பர்வீன் என்ற இளம் பெண் ஆலோசகராக இருந்தாள். திரையைப் பார்த்தவள் புருவத்தைத் தூக்கினாள்.

"ரெண்டு பாதியும் ஒரே ஆள்கிட்டத்தாம்மா இருக்கு. ஒரு துக்கத்தோட துண்டுகள் வேற வேற அந்நியர்கிட்டப் போனா ரெண்டு பேருக்குமே கிறுக்குப் பிடிச்ச மாதிரி ஆயிரும். அதனால ஒருத்தருக்கே அனுப்புவோம்."

"எனக்குப் புதுசா ஊறாதா? கெணத்துல எறைச்சா ஊறுதே."

"அப்படித்தான் நாங்களும் நெனைச்சோம். பத்துப் பேர்ல ஒம்பது பேருக்கு ஊறுது, ஏன்னா கொஞ்சமாவது மிச்சம் வச்சிருப்பாங்க. அடியோட குடுத்தவங்களுக்கு ஊறல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "வருசம் திரும்பிட்டா அது அவங்க நரம்போட நரம்பா ஆயிரும். அதுக்கப்புறம் எடுக்க முடியாது. திரும்பக் கேட்டா பேரும் ஊரும் நாங்க சொல்லியாகணும். ஆனா குடுக்கிறதும் குடுக்காததும் அவங்க இஷ்டம்மா. சட்டம் அப்படி."

பேர், ஜெபமணி. ஊர், நாசரேத்.

ஓட்டுநர் இல்லாத பஸ் அவளை நாசரேத்தில் இறக்கிவிட்டபோது மணி பத்தரை. ஜெபமணிக்கு ஐம்பத்திரண்டு வயது இருக்கும். கண் ஆஸ்பத்திரி ஒன்றில் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை பொருத்தும் வேலை. அன்று அவளுக்கு விடுமுறை நாள். ஒற்றைக் கட்டில், ஒற்றை நாற்காலி, சுவரில் வசனக் காலண்டர். பிரியாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். விஷயத்தைக் கேட்டதும் நேராகவே சொன்னாள்.

"தர முடியாதுன்னு சொல்ல எனக்கு உரிமை இருக்குல்லாக்கா?"

"இருக்கு."

"அப்ப சொல்லுதேன். தர முடியாது."

பிரியா தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தாள். "எதுக்குப் பேரு குடுத்தீங்க பட்டியல்ல?"

"செத்த வீட்டுக்குப் போனா நான் கடைசி வரிசையில நிப்பேன். முன்னால நின்னு அழ உரிமை உள்ளவங்க இருப்பாங்க. எங்கம்மா போயி இருவது வருசம். அதுக்கப்புறம் எனக்குன்னு அழ யாருமில்ல, எனக்காக அழவும் யாருமில்ல. கல்யாணம் கூடி வரல." அவள் சிரித்தாள். "இது வந்தப்ப, மொத ரெண்டு மாசம் செத்துருவேன்னு நெனைச்சேன். பொறவு ஒரு நாள் யோசிச்சுப் பாத்தேன். இவ்வளவு வலிக்குன்னா, எங்கயோ ஒருத்தி ஒருத்தர்கூட எவ்வளவு நல்லா இருந்திருக்கணும். அந்த மனுசன் யாருன்னு தெரியாது, பேர் தெரியாது. ஆனா சாயங்காலம் வீட்டுக்கு வந்தா அவரை நெனைச்சு அழ எனக்கு ஒரு ஆள் இருந்தாவ."

பிறகு தலையணைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். "எதெதுக்கு அழுகை வருதுன்னு எழுதி வச்சிருக்கேன். ஏன்னுதான் தெரியாது. நீங்க சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன். தரலைன்னாலும் இதைச் சொல்லலாம்லா?"

பிரியா தன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "படிங்க."

"ஒண்ணு. வார்னிஷ் வாசனை."

"அவரு மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை வச்சிருந்தார். கட்டி முடிச்சதும் வார்னிஷ் ஊத்திக் காய வைப்பார். சட்டை, தலைமுடி, சோத்துக் கை, எல்லாத்துலயும் அந்த வாசனைதான்."

ஜெபமணியின் கண்கள் நிறைந்தன. துடைக்காமல் அடுத்த வரிக்குப் போனாள்.

"நின்ன மின்விசிறி திரும்பச் சுத்த ஆரம்பிக்கும்போது வார மொதச் சத்தம்."

"யார் வீட்டுக்குப் போனாலும் தலையைச் சாய்ச்சுக் கேப்பார். 'பேரிங் போவப் போவுது'ம்பார். கல்யாண வீட்டுல, எளவு விழுந்த துட்டி வீட்டுல கூட."

"அழுக்கான மூக்குக்கண்ணாடி. இதுதான்க்கா என்னைப் பாடாப் படுத்துது. ஒரு நாளைக்கு நாப்பது கண்ணாடி தொடைக்கேன். நாப்பது தடவையும் மூக்கை உறிஞ்சுதேன். எனக்குச் சளி ஜெபமணின்னே பேரு வச்சுட்டாளுவ."

"காலையில அவரு கண்ணாடியைக் கழுவும்போது என்னுதையும் கழுவி, காப்பித் தம்ளர் பக்கத்துல வச்சிருவார். முப்பத்தோரு வருசம். நான் ஒரு நாளும் கேட்டதில்ல."

அழுதவள் ஜெபமணி. கைக்குட்டையை எடுத்து நீட்டியவள் பிரியா. யாராவது வாசலில் நின்று பார்த்திருந்தால், புருஷனைப் பறிகொடுத்தவள் யார் என்று தப்பாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

"முட்டைக்கோஸ் பொரியல்" என்றாள் ஜெபமணி மூக்கை உறிஞ்சியபடி. "எனக்கு உயிரான காய். ஒரு வருசமா வாயில வைக்க முடியல."

"அவருக்கு அது ஆகவே ஆகாது. அதுக்காக நாங்க போட்ட சண்டை தெருவுக்கே தெரியும்."

"அப்ப நான் பட்டினி கெடந்தது சண்டைக்காகவா?" ஜெபமணி அழுதுகொண்டே சிரித்தாள். "புதன்கிழமை சாயங்காலம்."

"அன்னைக்கு எனக்கு ஷிப்ட் முடிய நேரமாகும். ஸ்கூட்டர்ல வந்து ஆஸ்பத்திரி வாசல் வாகை மரத்தடியில நிப்பார்."

"கடைசி. பஸ்ஸுல யாராவது போனை எடுத்து, 'எறங்கிட்டேன்'னு சொன்னா."

பிரியா யோசித்தாள். நினைவுகளை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தாள். "இது எங்களது இல்லியே. மத்த நாள் நான் பஸ்ஸுல எறங்குற எடத்துல அவரு நிப்பார். சொல்ல வேண்டியே வந்ததில்ல."

"அப்படியா" என்றாள் ஜெபமணி. நோட்டை மெல்ல மூடினாள். வெகுநேரம் அதன் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அவரு பேரு என்னக்கா?"

"ஆவுடையப்பன்."

"ஆவுடையப்பன்." ஒரு தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். "பேர் தெரியாத வரைக்கும் என் ஆள்னு வச்சிருந்தேன். பேர் தெரிஞ்ச பொறவு வச்சிருந்தா அது களவு. நாளைக்கு வாரேன்."

பிரியா எழுந்து நின்றாள். நன்றி சொல்ல வேண்டிய இடம் என்று தெரிந்தது. சொன்னாள். காய்ந்த நன்றியாகத்தான் வந்தது. ஜெபமணி அதைப் பொருட்படுத்தவில்லை. பிரியாவின் பங்கு ஈரமும் தன்னிடம்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் பதினொரு மணிக்கு மையத்தில் இருவர் தலையிலும் பட்டையை மாட்டினார்கள். தொடங்குவதற்கு முன் பர்வீன் பிரியாவிடம் குனிந்து சொன்னாள்: "பதினோரு மாசத்துக்கு மேல ஆனதால கொஞ்சம் கலந்திருக்கலாம்மா. எங்களால பிரிச்செடுக்க முடியாது. இருக்கிறபடிதான் வரும்." பிரியா சரி என்றாள். ரத்தத்தில் கலப்பு என்றால் கேள்வி கேட்டிருப்பாள். இதற்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

முடிந்ததும் ஜெபமணி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கனத்த பையை நெடுந்தூரம் சுமந்து வந்து கீழே வைத்த பிறகும் விரல்கள் வளைந்தே இருக்குமே, அப்படி வளைந்திருந்தன அவள் விரல்கள்.

"எப்படி இருக்கு ஜெபமணி?"

"லேசா இருக்கு" என்றாள்.

"நல்ல துணி" என்று தான் பகவதியிடம் சொன்ன அதே குரல் என்பது பிரியாவுக்கு உறைத்தது. ஆனால் அப்போது அவளுக்குள் இன்னும் எதுவும் வந்து சேர்ந்திருக்கவில்லை. பிடிக்க ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். போன் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஜெபமணியை நாசரேத் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, முக்கால் மணி நேரம் காத்திருந்து தன் டவுன் பஸ்ஸில் ஏறினாள்.

முருகன்குறிச்சி நிறுத்தத்தில் பஸ் நின்றது. மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறிகளும் நின்றன. பஸ் கிளம்பியபோது அவை ஒரு முனகலோடு மறுபடி சுற்றத் தொடங்கின.

பேரிங் போவப் போவுது.

அவ்வளவுதான். முன் சீட்டின் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சண்முகப்பிரியா அழுதாள். நான்காகக் கிழித்த சட்டைக்கு அழுதாள். கழுவாத கண்ணாடிக்கு அழுதாள். இனி எந்தப் புதன்கிழமையும் வாகை மரத்தடியில் யாரும் நிற்கப் போவதில்லை என்பது ஒரு வருடம் கழித்து அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியவந்தது. பக்கத்தில் நின்ற ஓர் ஆள், "அம்மா, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தாள். வலித்தது. வலிக்கிறது என்பதில் ஒரு நிறைவும் இருந்தது. அவர் திரும்ப அவளுடையவராகியிருந்தார்.

அடுத்த நிறுத்தத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி கீழே குதித்தாள். போனைக் காதில் வைத்தபடி, "அம்மா, எறங்கிட்டேன்" என்றாள்.

அது பிரியாவை வேறு ஒரு பக்கத்திலிருந்து அடித்தது. ஆவுடையப்பன் இருந்த இடத்தில் அல்ல, அதற்கும் கீழே, அவள் அறியாத ஓரிடத்தில். பழைய வலி, அவள் துக்கத்தைவிட எத்தனையோ வருடம் மூத்தது. காரணத்தைத் தேடினாள். எந்த நினைவும் அகப்படவில்லை. முகம் இல்லை, நாள் இல்லை. யாரோ ஒருத்தி இருபது வருடமாக ஒவ்வொரு சாயங்காலமும் பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் போனை வைத்துக்கொண்டு, சொல்ல ஆளில்லாமல் நடந்து போன வலி.

ஒற்றை நாற்காலியும், மூடிய நோட்டின் அட்டையைத் தடவிய விரல்களும் கண்முன் வந்தன. அதையும் சேர்த்தேதான் வாங்கிவந்திருக்கிறாள். அடியோடு. மிச்சம் வைக்காமல்.

மகாராஜ நகரில் இறங்கினாள். நிறுத்தத்தில் யாரும் நிற்கவில்லை. வேப்பமர நிழலில் ஒதுங்கி நின்று அந்த எண்ணை அழைத்தாள்.

"யாரு?"

"பிரியா பேசுதேன். எறங்கிட்டேன்."

எதிர்முனையில் பஸ்ஸின் இரைச்சல் கேட்டது.

"சரி. அதை எதுக்கு எனக்குச் சொல்லுதீங்க?"

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். நேற்று என்றால் இந்த ஒரு வார்த்தை அவளை உடைத்துப் போட்டிருக்கும்.

"யாருகிட்டயாவது சொல்லணும்லா" என்றாள் பிரியா. "நீங்க எங்க இருக்கீங்க?"

"ஸ்ரீவைகுண்டம் தாண்டியாச்சு."

"நாசரேத்துல எறங்குனதும் எனக்கு ஒரு போன் போடணும்."

"ஏன்க்கா?"

"போடுங்க."

பிரியா வீட்டுக்கு வந்து முகம் கழுவினாள். அடுப்படியிலிருந்த நான்கு துண்டுகளையும் ஜன்னலோரம் கிடந்த கைப்பகுதிகளையும் சேர்த்தெடுத்து மடியில் வைத்துக்கொண்டு, போனை எதிரில் வைத்து உட்கார்ந்தாள். துணிகளை முகர்ந்து பார்த்தாள். காப்பியும் கரியும் மணத்தன. ஒரு துண்டின் மூலையில் மட்டும் வார்னிஷ் வாசனை இருந்தது, அல்லது இருப்பதாக அவளுக்குப் பட்டது.

இரண்டரை மணிக்குப் போன் அடித்தது.

"எறங்கிட்டேன்" என்றாள் ஜெபமணி. அறிக்கையை வாசிப்பது போன்ற குரல்.

"சரி. பாத்துப் போங்க."

ஜெபமணி போனை வைப்பாள் என்று பிரியா காத்திருந்தாள். அவள் வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. பிரியாவும் வைக்கவில்லை. செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு சைக்கிள் மணி, யார் வீட்டிலோ ஆடு கத்துவது, மறுபடி செருப்புச் சத்தம். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் அந்தத் தெரு முழுவதும் நடந்து முடித்தார்கள். பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

"வீட்டுக்கு வந்துட்டேன்க்கா" என்றாள் ஜெபமணி. இந்தத் தடவை யாரும் அவளைச் சொல்லச் சொல்லியிருக்கவில்லை.